கால் வழுக்கி விழுந்ததாக

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பாதி வரைக்கும் விடவில்லை. செடியில் பழுத்த காப்பிப் பழம் ஈரத்தில் வெடித்து மண்ணில் உதிர்ந்துகொண்டிருந்தது. நாளைக்கென்று விட்டால் பழம் இருக்காது என்று, எஸ்டேட் கணக்கும் ஆள் மேற்பார்வையும் பார்க்கிற ரைட்டர் சுப்பிரமணி ஞாயிற்றுக்கிழமையிலும் ஆள் இறக்கி வேலை வாங்கினார். ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையிலிருந்து செம்மநத்தம் போகிற பாதையில் பிரிந்து உள்ளே இறங்குகிற எஸ்டேட் அது. சில்வர் ஓக் மரங்களுக்கடியில், பத்தடி தள்ளி நிற்கிறவர் முகம் தெரியாத பனியில், விமலேஸ்வரியும் மாதம்மாளும் ஒரு வரிசைச் செடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்து, பழத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம் கனத்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூட நாள். மணி மூன்று இருக்கும். எஸ்டேட் பாதையில் ஜீப் வருகிற சத்தம் கேட்டது. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற தனபாலின் ஜீப். ஐந்து மணிக்கு வரவேண்டியது மூன்று மணிக்கு வந்ததும் இரண்டு பேருமே கையை நிறுத்தினார்கள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு பெண் பிள்ளை வரவேண்டியிருந்தது.

தனபால் இறங்கி வரும்போதே நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தான். "அக்கா, பதறாம வாங்க. புள்ளைக்கு ஒன்னுமில்ல. குட்டையில உழுந்துருச்சு. தூக்கிட்டமுங்க" என்றான்.

முன்சீட்டில் தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு விமலேஸ்வரியின் மகள் டிலானி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பின்னிய சடைக்குள் பாசி ஒட்டியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. விமலேஸ்வரி அவளைத் தொட்டபோது பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாளே தவிர, அழவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக் குழாயில் கூட்டமென்று பிள்ளைகள் தட்டுக் கழுவப் பக்கத்துக் குட்டைக்குப் போவது வழக்கம். தனபால் அங்கே ஜீப் கழுவிக்கொண்டிருந்தான். டயர்ப் பக்கம் குனிந்திருந்ததால் தண்ணீரில் விழுந்த சத்தம்தான் அவனுக்குக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது நாலைந்து பெண் பிள்ளைகள் கரையில் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

விமலேஸ்வரி குடும்பத்துக்கு மலையில் இது இரண்டாவது வருஷம். அதற்கு முன்னால் கீழே சமவெளியில், இலங்கை அகதிகள் முகாமில் இருந்தார்கள். விமலேஸ்வரியும் அவள் புருஷன் ஜெயசீலனும் சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து மன்னார் போய், தோணியேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். டிலானி முகாமிலேயே பிறந்தாள். அவள் இலங்கையை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

முகாமில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். குளிக்கிற இடத்துக்குக் கதவு கிடையாது. சாக்குத்தான் தொங்கும். பிள்ளை பெரிய மனுஷியானதும் விமலேஸ்வரிக்கு அந்தச் சாக்கைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போயிற்று. ஜெயசீலன் பெயிண்டர். எஸ்டேட் பங்களாவுக்கு வெள்ளையடிக்க வந்தவன், பழம் எடுக்க ஆள் வேண்டும், ஆட்கள் தங்குகிற லைன் வீடு ஒன்று காலியாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சொன்னான். லைன் வீட்டுக்குத் தனிக் கதவும் தனிக் குளியலறையும் இருந்தன. அன்றைக்கே மூட்டை கட்டினார்கள். முகாமுக்கு வெளியே தங்க அனுமதி இல்லை என்பதால் முகாமில் பெயர் அப்படியே இருந்தது. மாதாமாதம் கணக்கெடுப்பு நாளில் மூன்று பேரும் பஸ் பிடித்துக் கீழே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். மற்ற நாளில் அவர்கள் அங்கே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைக் கேட்டதில்லை. யாராவது கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அந்த வீட்டின் பயம்.

டிலானிக்கு அன்றைக்கே காய்ச்சல் கண்டது. விமலேஸ்வரி வெந்நீர் வைத்துத் தலையை அலசி, மிளகும் சுக்கும் தட்டிப் போட்டுக் கஞ்சி கொடுத்தாள். தட்டு வைத்திருந்த பையோடு விழுந்ததில் நனைந்த புத்தகங்களைக் காயப்போட வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தொங்கவிட்டாள். புகை பட்டுத் தாள்கள் பழுத்துச் சுருண்டன. சமூக அறிவியல் புத்தகம் மட்டும் திறக்கவே வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியபோது டிலானி சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் விழேல்லம்மா. தள்ளிவிட்டவ."

"ஆரு?"

"சௌமியா. தோணி மிதக்குதான்னு பாக்கலாம்னு சொல்லிட்டுத் தள்ளினவ."

சௌமியா ரைட்டர் சுப்பிரமணியின் மகள். ஒன்பதாம் வகுப்பில் டிலானிக்கு முன்பெஞ்சு.

அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. வந்து சேர்ந்த முதல் மாதம் வகுப்பில், உங்க குடும்பம் எப்படி இந்தியாவுக்கு வந்தது என்று ஆசிரியர் கேட்டபோது, டிலானி எழுந்து, தோணியில் வந்தது என்று சொல்லியிருக்கிறாள். படகு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. தோணி என்ற சொல்லுக்கு வகுப்பே சிரித்தது. அன்றையிலிருந்து அவள் பெயர் தோணி. அவள் பெஞ்சில் தோணி வரைந்தார்கள். பேசினால் அவள் மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டினார்கள். ஜாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் எழுந்து நிற்கச் சொல்லும்போதெல்லாம் அவள் ஒருத்திதான் நிற்பாள். பின்னாலிருந்து யாராவது துடுப்புப் போடுகிற மாதிரி கையை ஆட்டுவார்கள். ஒரு நாள் சாம்பார் சாதத்தில் காகிதக் கப்பல் செய்து மிதக்கவிட்டார்கள். அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். பசி என்றாள்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ என்னம்மா செய்வாய்?"

வேறொரு சொல் விமலேஸ்வரியின் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுடைய தகப்பனுடைய தாத்தா இந்தச் சேலம் ஜில்லாவிலிருந்துதான் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். எந்த ஊர் என்பது யாருக்கும் தெரியாது, சேலம் என்பது மட்டும் வீட்டில் பேச்சாக நின்றது. கண்டிப் பக்கம் கலவரம் வந்து வன்னிக்கு ஓடிய தகப்பனை, அங்கே இருந்தவர்கள், தமிழர்கள்தான், கள்ளத்தோணி என்று கூப்பிட்டார்கள். இந்தியாவிலிருந்து களவாக வந்தவன் என்று அர்த்தம். அப்போது விமலேஸ்வரிக்கு ஆறு வயது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த தகப்பனை, கள்ளத்தோணி எழும்படா என்று சொல்லி ஒருவன் எழுப்பினான். தகப்பன் எழுந்து, அவளையும் கையைப் பிடித்து எழுப்பி, இறங்குகிற வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். இந்தியாவுக்குப் போனால் இது இருக்காது என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் அடுப்படிக்குப் போய், எரிகிற விறகை வெறுமனே தள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

எஸ்டேட்டில் செல்போன் சிக்னல் பாறை வளைவில்தான் கிடைக்கும். அங்கே போய் நின்று, ஈரோட்டில் வேலையாக இருந்த ஜெயசீலனைக் கூப்பிட்டாள். அவன், பிள்ளை நல்லாத்தானே இருக்கு என்று இரண்டு தரம் கேட்டான். பொலிசுக்குப் போகாதே என்றான். போனால் முதல் கேள்வி உங்கள் முகாம் எது என்பதாகத்தான் இருக்கும், அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய் என்றான். பள்ளிக்கூடத்தில் சொல்லலாமே என்றாள். அதுவும் அங்கேதான் போய் நிற்கும் என்றான். பேச்சின் கடைசியில் அவன் குரல் உடைந்தது தெரிந்தது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அன்று சாயந்திரம் ரைட்டர் சுப்பிரமணி லைன் வீட்டுக்கே வந்தார். ரொட்டியும் காய்ச்சல் மாத்திரையும் வாங்கி வந்திருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படுத்திருந்த டிலானியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காச்சல் உட்டுருச்சு கண்ணு, இனிப் பயமில்ல" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். மழை நாளில் ஆட்களுக்குக் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுக்கச் சொல்கிறவர். அதனாலேயே விமலேஸ்வரிக்கு அவர் எதிரில் கை கால் ஓடவில்லை.

"எங்கூட்டுப் புள்ளையப் பத்தி என்னமோ பேச்சு அடிபடுதாமா" என்று அவரே ஆரம்பித்தார். "புள்ளைங்க வெளையாட்டுல கை பட்டிருக்கும். நான் அவளை நல்லாவே வஞ்சு திட்டிட்டேன். ஹெச்செம் டீச்சரு நாளன்னிக்கு உங்களைக் கூப்புடுவாங்க. கால் வழுக்கி விழுந்துருச்சுன்னு ஒரு தாளு எழுதிக் குடுத்துருங்க. அதோட முடிஞ்சுது."

விமலேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தள்ளிவிட்டதாகப் பிள்ளை சொல்கிறாள் என்று மெல்லச் சொன்னாள்.

"சொல்லட்டும்மா. ஆனா நாளைக்கு ஸ்டேசன்ல இருந்து ஆராச்சும் வந்தா, இந்த ஊட்டுல ஆரு இருக்கறது, எங்கிருந்து வந்தாங்க, ஆரைக் கேட்டுத் தங்க வெச்சேன்னு என்னையத்தான கேப்பாங்க? நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

மிரட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே யோசனை கேட்கிற மாதிரிதான் கேட்டார். போகும்போது கதவுத் தாழ்ப்பாள் ஆடுவதைப் பார்த்து, ஆளனுப்பிச் சரி பண்ணச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். டிலானி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை அறையில் விமலேஸ்வரியும் டிலானியும் நின்றார்கள். தலைமையாசிரியை வனிதா சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருகிறவர். மேசையில் அவருடைய டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. அவருக்கும் இந்த விஷயம் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகாமல் இருந்தால் நல்லது. பிள்ளைகளைத் தட்டுக் கழுவக் குட்டைக்கு விட்டது யார் என்ற கேள்வி அவரிடம்தான் வரும். ஆனாலும் டிலானியை அருகில் கூப்பிட்டு, நடந்ததைப் பயப்படாமல் சொல்லும்படி கேட்டார்.

"தள்ளிவிட்டாங்க மிஸ். சௌமியா தள்ளிவிட்டா" என்றாள் டிலானி. குரல் நடுங்கவில்லை. "சிவசக்தி பக்கத்துலதான் நின்னா. அவளைக் கேளுங்க."

சிவசக்தி மாதம்மாளின் மகள். தினமும் ஜீப்பில் டிலானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள். காரக்குழம்பு வைத்த நாளில் அவள் வீட்டுக் களி டிலானிக்கு வரும். டிலானி வீட்டுத் தேங்காய்ச் சம்பல் அவளுக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் டிலானிக்கு இருந்த ஒரே துணை அவள்தான். அவளைக் கூட்டிவந்தார்கள். தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டே, டிலானியைப் பார்க்காமல், "பாசி வழுக்கிருச்சுங் மிஸ்" என்றாள். வேறு ஏதாவது பார்த்தாயா என்று வனிதா கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வனிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க பெத்தவங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் நான் எழுதிக்கணும்" என்று விமலேஸ்வரியைப் பார்த்தார்.

டிலானி திரும்பித் தாயைப் பார்த்தாள். அழவோ கெஞ்சவோ இல்லை. காத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு நிற்க விமலேஸ்வரியால் கொஞ்ச நேரம்தான் முடிந்தது. சாக்குத் தொங்குகிற குளியலிடமும், பாறை வளைவில் கேட்ட புருஷனின் உடைந்த குரலும், ஆடுகிற தாழ்ப்பாளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அவள் மேசையிலிருந்த தாளை இழுத்து, வனிதா சொல்லச் சொல்ல எழுதினாள். என் மகள் டிலானி குட்டையில் தட்டுக் கழுவும்போது கால் வழுக்கி விழுந்துவிட்டாள். இதில் யார்மீதும் எனக்குப் புகார் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். முகாமில் மாதாமாதம் போட்டுப் பழகிய கையெழுத்து. நிற்காமல் ஓடியது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் டிலானி நாலடி முன்னால் நடந்தாள். ரைட்டர் சொன்னபடி அன்றைக்கே ஆள் வந்து புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மாதம்மாளும் விமலேஸ்வரியும் மறுபடி ஒரே வரிசையில் நின்று பழம் பறித்தார்கள். மேரக்காய்ப் பந்தலைத் தாண்டி அடுத்த வரிசைக்கு மாறும்போது, செடிக்கு அந்தப் பக்கமிருந்து மாதம்மாள் சொன்னாள்.

"நாந்தானுங்க எம் புள்ளைய அப்பிடிச் சொல்லச் சொன்னது. அவ மாட்டேன்னு அழுதா. நான்தான் அடிச்சுச் சொன்னேன். எங்களுக்குன்னு இருக்கற ஒரு துண்டுக் காட்டுக்கு எஸ்டேட்டு வழியாத்தான் போவோணும். ரைட்டரு வழிய அடைச்சுட்டா நாங்க எங்க போறதுங்க?"

விமலேஸ்வரி கிளையை வளைத்துப் பழத்தை உருவினாள்.

"நானும் கையெழுத்துப் போட்டனான்தானே அக்கா" என்றாள்.

மாதம்மாள் மூக்கைச் சிந்தினாள். மத்தியானம் ஒரே மரத்தடியில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அவரவர் தூக்குப்போசியில் இருந்ததை அவரவர் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை டிலானி தானாக எழுந்து, புகை வாடை அடிக்கிற புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டாள். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று விமலேஸ்வரி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு வகுப்பில் நடந்ததை அவள் வீட்டில் சொல்லவும் இல்லை. மறுநாள் மாதம்மாள்தான், மகள் சொல்லக் கேட்டுவந்து சொன்னாள்.

உள்ளே போனதும் டிலானி தன் பெஞ்சுக்குப் போகவில்லையாம். நேரே சௌமியாவின் முன்னால் போய் நின்றாளாம். வகுப்பு மொத்தமும் இருந்ததாம்.

"'நீதான் தள்ளி உட்ட. அது உனக்கும் தெரியும், இங்க இருக்கற அத்தன பேருக்கும் தெரியும். எங்கம்மா எழுதிக் குடுத்தது எங்கம்மாவோட பயத்துக்கு. எனக்கு அந்தப் பயமில்ல. இப்பக் கூப்புடு அந்தப் பேரைச் சொல்லி'ன்னு கேட்டாளாமுங்க. நம்மூருப் பேச்சுலயே கேட்டாளாம், ஒரு சொல்லு பிசகாம. அந்தப் புள்ளை வாயே தொறக்கலியாம்."

மாதம்மாளின் குரலில் ஒரு பெருமை இருந்தது. விமலேஸ்வரிக்கு, அம்மாவோட பயம் என்ற சொல்லோடு மற்றதெல்லாம் நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு டிலானியை யாரும் தோணி என்று கூப்பிடவில்லை. பெஞ்சில் வரைந்திருந்ததை யாரோ பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார்களாம். சிவசக்தி ஒரு நாள் வழியில் நின்று அழுதாள். டிலானி, பரவாயில்லை விடு என்று சொன்னாள். ஆனால் ஜீப்பில் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அரைப் பரீட்சையில் வகுப்பில் மூன்றாவதாக வந்தாள். தமிழ்ப் பேச்சுப் போட்டிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத்தான் அனுப்பினார்கள்.

தை பிறந்து காப்பிப் பழ எடுப்பு ஓய்ந்த சமயத்தில் ஜெயசீலன் ஒரு வாரம் இருக்க வந்தான். விமலேஸ்வரி பிட்டு அவித்து மீன் குழம்பு வைத்தாள். மீனுக்காகத் தனபாலிடம் சொல்லி ஏற்காட்டுச் சந்தையிலிருந்து வரவழைத்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெயசீலன் மகளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். ஆமாங்கப்பா. இல்லீங்கப்பா. டீச்சருங்க நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க. எனக்குப் போதுங்க, நொம்ப இருக்குது.

அவன் எச்சில் கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான். அவள் கை கழுவப் போனதும் விமலேஸ்வரியிடம் மெல்லச் சொன்னான்.

"பாத்தியே? பிள்ளை இந்த ஊர்ப் பிள்ளையாவே வந்திட்டுது. இனி எங்க போனாலும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

பல வருஷமாகக் காணாத இளக்கத்தை அவன் முகத்தில் அவள் அன்றைக்குப் பார்த்தாள். அதனால், வகுப்பில் அப்படிப் பேசிய அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளை என்னிடமும் இப்படித்தான் பேசுகிறாள் என்பதை அவனிடம் சொல்லவில்லை. பேச்சுப் பழகின நாளிலிருந்து அம்மாவை நீ, வா, போ என்றே சொல்லி வளர்ந்தவள். காய்ச்சலில் கிடந்த கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். இப்போது ஒரு சொல்லில்கூட மரியாதை குறைவதில்லை. சொன்ன வேலையைச் செய்கிறாள், எதிர்த்துப் பேசுவதில்லை. பசிக்கிறதா என்று கேட்டால், இல்லீங்கம்மா, நீங்க சாப்புடுங்க என்கிறாள்.

மறுநாள் காலையில் சடை பின்னிவிட்டுக்கொண்டிருக்கும்போது, முகம் தெரியாமல் பின்னால் இருந்ததால், விமலேஸ்வரிக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"என்னோட கோபமோ பிள்ளை?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா."

"அண்டைக்கு நான்…"

"உட்ருங்கம்மா. உங்களால வேற என்ன செஞ்சிருக்க முடியும்?"

கனிவாகத்தான் சொன்னாள். அழுகிற பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்கிற மாதிரி, மெதுவாக. ரிப்பனை அவளே வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பாதையில் தனபால் ஹாரன் அடித்தான். போயிட்டு வரேனுங்கம்மா என்று சொல்லிப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

விமலேஸ்வரி வாசலுக்கு வந்து நின்றாள். பனி கலைந்து அன்றைக்கு நல்ல வெயில். ஜீப்பில் இருந்த பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்து டிலானிக்கு இடம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தாள். கை காட்டலாமென்று விமலேஸ்வரி கையைத் தூக்கினாள். டிலானி பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வளைவு திரும்புகிற வரைக்கும் அந்தச் சிரிப்புத்தான் தெரிந்தது.